நற்பண்புக் கோப்பை

என்னங்க,

நம் பிள்ளைக்குப் பள்ளியில் நற்பண்புக்கான கோப்பை கொடுத்திருக்கிறார்கள். வேனைவிட்டு இறங்கும்போது ஓட்டுகிறவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. ஒருநாள்கூட அவன் தவறியதில்லையாம். அந்த வேனை ஓட்டுகிற எனக்குத் தெரியாதா?

"ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி என் அம்மான்னு காட்டிக்காதம்மா" என்று ஏழாம் வகுப்பு தொடங்கியபோதே கேட்டுக்கொண்டான். வயசுக் கோளாறு, சரியாகிவிடும் என்று, கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரிப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

இன்று கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மற்ற பிள்ளைகள் எல்லாரும் இறங்கியாயிற்று. கடைசியாக நம் வீடு. வேனில் நாங்கள் இரண்டே பேர்.

"தேங்க்யூ ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

நீங்கள் ஊருக்கு வரும்போது அவனைப் பாராட்டுங்கள். வேறெதுவும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா