ராஜாவும் ஆசாரியரும்

உம்பாய்
12 ஆகஸ்ட் 2023

விமலன் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது; அதனால் எழுதுகிறேன். மங்களம் அக்கா வீட்டில் சுகமாக இருக்கிறேன். காலையில் அவளுடைய மீன் கடையில் கூடமாட உதவி. நீங்கள் மாத்திரையை வேளைக்குப் போடுங்கள். நீலப் பெட்டியில் இருப்பது பிரஷருக்கு.

ஷாந்தினிக்குப் போன செவ்வாய்க்கிழமை பெண் குழந்தை பிறந்தது. மூக்கு அப்படியே நம் விமலன்தான். அவனை அடக்கம் செய்து நாலு மாதம் ஆகிறது. பிள்ளையைப் பார்க்காமலே போய்விட்டான். ஷாந்தினி இங்கே பக்கத்தில்தான் வாடகைக்கு இருக்கிறாள். சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண். ஆனாலும், "ஆன்ட்டி, அங்கிள் வந்து பிள்ளை தலையில கை வச்சு ஜெபிக்கட்டும்லா. விமலனுக்கு அது பிடிக்கும்" என்றாள். அடுத்த மாதம் ஆறாம் தேதி பிள்ளை பிறந்து முப்பதாம் நாள்; முப்பது கும்பிடுகிறோம். வருவீர்களா?

சுசீலா


பாயா ரும்புட்
20 ஆகஸ்ட் 2023

கர்த்தருக்குள் அன்பான சுசீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. குழந்தைக்காக ஜெபிக்கிறேன். ஆனால் வர முடியாது. கல்யாணம் ஆகாமல் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்காகத்தான் விமலனைச் சபையை விட்டு நீக்கினேன். இப்போது நானே போய் ஆசீர்வதித்தால் நாற்பது குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வேன்? "மகன்னா வேற சட்டமா பாஸ்டர்?" என்று மூப்பர் சின்னத்தம்பி அன்றைக்கே கேட்டார். சபையை ஆளுகிறவனும் நான், ஜெபிக்கிறவனும் நான். இரண்டு பாரமும் என் தோள்மேல்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ரசம் வைத்தேன், புளி கூடிவிட்டது. நீ எப்போது வருவாய்?

ராமையா


உம்பாய்
28 ஆகஸ்ட் 2023

விமலன் அப்பாவுக்கு,

இரண்டு பாரம் என்று எழுதியிருந்தீர்கள். போன வருஷம் நீங்கள் கொடுத்த பிரசங்கம் என் நோட்டில் இருக்கிறது. இஸ்ரவேலில் ராஜா யூதா கோத்திரம், ஆசாரியன் லேவி கோத்திரம். இரண்டு வேலையையும் கர்த்தர் ஒரே ஆளிடம் கொடுக்கவில்லை என்றீர்கள். உசியா ராஜா ஆசாரியன் வேலையைத் தானே செய்யத் தூபகலசத்தைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்குள் போனான், நெற்றியில் குஷ்டம் வந்தது என்றீர்கள். மேசியா ஒருவர்தான் மெல்கிசேதேக்கைப் போல ராஜாவும் ஆசாரியருமாக இருக்கிறார். தீர்ப்புச் சொல்ல வேண்டியவரே குற்றவாளிக்காகப் பரிந்து பேசுகிறார் என்று சொல்லி நின்ற இடத்திலேயே அழுதீர்கள். கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்த விமலன் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தீர்ப்பு வாசித்தீர்கள். அதற்குப் பிறகு அவனுக்காக ஒரு தடவையாவது முழங்கால் போட்டீர்களா? மூன்று வாரம் கழித்து வந்தான். நான் சோறு போட்டேன். "அப்பா, உங்ககூட பேசணும்" என்றான். "சபை முன்னால வந்து பேசு" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டீர்கள். பாதிச் சோற்றில் எழுந்து மோட்டார் சைக்கிளை எடுத்தான். லூபோக் சீனா ரோட்டில் லோரி மோதியது அன்றைக்குத்தான். என்ன சொல்ல வந்தான் தெரியுமா? அடுத்த மாதம் கல்யாணப் பதிவு, நீங்கள் வந்து பக்கத்தில் நிற்க வேண்டும் என்று. ஷாந்தினி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஆறாம் தேதி காத்திருப்போம்.

சுசீலா


பாயா ரும்புட்
18 செப்டம்பர் 2023

சுசீலா,

ஆறாம் தேதி கார் எடுத்துக்கொண்டு வந்தேன். உம்பாய் மீன் கடைகள் கண்ணில் பட்டதும் திருப்பிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நேற்று ஆராதனையில் நான் பிரசங்கம் செய்யவில்லை. "என் மகனுக்கு நான் தீர்ப்பு சொன்னேன். அவனுக்காக ஒரு நாளும் கெஞ்சல. மகன்னு இரக்கம் காட்டுறான்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்" என்றேன். சின்னத்தம்பி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது பாஸ்டர்" என்று அழுதார். சபைச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டேன். இனி நான் போதகன் இல்லை.

இருபது வருஷம் மெல்கிசேதேக்கைப் பற்றிப் பேசியிருக்கிறேன். யுத்தத்தில் களைத்து வந்த ஆபிரகாமுக்கு எதிரே அவர் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தார். முதலில் செய்தது அதுதான். என் பிள்ளை என் வீட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுப் போனான்.

பேத்தியைப் பார்க்க வரலாமா? உன்னை அழைத்துப்போக வரலாமா?

ராமையா


உம்பாய்
26 செப்டம்பர் 2023

விமலன் அப்பாவுக்கு,

கடிதத்தை மங்களம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

அன்றைக்கு ஷாந்தினி சாயங்காலம் வரைக்கும் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வைத்திருந்தாள். அப்புறம், "பரவால்ல ஆன்ட்டி" என்று கழற்றினாள். பத்தாம் தேதி அவளுடைய அண்ணன் வந்து இரண்டு பேரையும் ஜொகூருக்கு அழைத்துப் போய்விட்டார். உங்களுக்கு அட்ரஸ் கொடுக்க வேண்டாம் என்றாள். கொடுக்க மாட்டேன். மாதம் ஒருமுறை என்னை மட்டும் வரச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்கு நளினி என்று பெயர்.

நானும் வரவில்லை. கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அந்த அறைக்கதவைப் பார்த்துக்கொண்டு தினமும் என்னால் சமைக்க முடியாது.

காலையில் முழங்கால் போடும்போது நளினி பெயருக்குப் பிறகு உங்கள் பெயரையும் சொல்கிறேன். சில நாள் வாய் வருவதில்லை. அன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

சுசீலா