கல்யாணப் பத்திரிகையோடு மில்லுக்கு வந்த அண்ணனுக்கு

அன்பான இஸ்ரவேல் அண்ணே,

மேலேயும் அந்த ரப்பர் செருப்புதானா? தோல் பதனிடும் ஊரில் வாழ்ந்தும் ஒரு நல்ல செருப்பு வாங்கிப் போடாத ஆள் நீங்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திமிரி, கலவைப் பக்கத்து அரிசி மில்களில் முன்பணம் வாங்கிவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்த குடும்பங்களை மீட்பதே உங்கள் வாழ்நாள் வேலை. எங்களையும் அப்படித்தான் மீட்டீர்கள். ஆனால், கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுஷனுக்கு கல்யாணப் பத்திரிகையோடு மில்லுக்குள் வரும் யோசனை எங்கிருந்து வந்தது?

அன்று நான் களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத நீங்கள் பத்திரிகையை நீட்டி, "தங்கச்சி, குடும்பத்தோட வந்துடணும்" என்றீர்கள். முதலாளி குறுக்கே வந்தார். "புருஷன் மட்டும் போய்ட்டு வரட்டும். இவளும் புள்ளைங்களும் இங்கயே கெடக்கட்டும்."

நீங்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். மூன்றாம் நாள் அதிகாரிகளின் ஜீப்பில் வந்து, முதலாளி சொன்ன அதே வார்த்தையை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள்.

பிறகு ஒருநாள் உங்களைச் சீண்டினேன். "இன்னாண்ணே, வேதக்காரரு பொய்ப் பத்திரிகை காட்டலாமா?"

"பொய் இல்ல தங்கச்சி, எங்க சபையில நெஜமா நடந்த கல்யாணம். சாவுன்னா மொதலாளி ஒருத்தரை அனுப்பிடுவான். கல்யாணத்துக்குத்தான் குடும்பத்தையே கூப்பிட முடியும். எல்லாரையும் வுட்டா அவங்க கூலிக்காரங்க. ஒருத்தரைப் புடிச்சு வெச்சா கொத்தடிமை."

நான் இன்றும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள்தான். ஒருநாளும் என்னைச் சர்ச்சுக்குக் கூப்பிட்டதில்லை நீங்கள். கல்யாணத்துக்கு மட்டும்தான் கூப்பிட்டீர்கள். அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் யார் அண்ணே? தங்கள் கல்யாணப் பத்திரிகை எங்கள் நாலு பேரை வெளியே கொண்டுவந்தது அவர்களுக்குத் தெரியுமா?

இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அட்டை ஒட்டுகிறேன். வியாழக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஊர் செல்வி, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு மில்லில் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு, போன வாரம் பத்திரிகையோடு போனேன். கேட்டுக்குள் போகப் பயமாக இருந்தது. உங்களுக்கும் பயமாக இருக்குமா? சொன்னதே இல்லையே!

"ஆம்பள போவட்டும். மத்தவங்க போனா வேலை கெடும்" என்றார் அந்த முதலாளி. செல்வி என் கையை விடவே இல்லை.

நேராக ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு கொடுத்தேன். "நீ யாரும்மா?" என்று கேட்டார்கள். "பொண்ணுக்கு அம்மா" என்றேன். சிரித்தார்கள், ஆனாலும் எழுதிக்கொண்டார்கள். நாளைக் காலை மில்லுக்குப் போகிறார்கள். நானும் வந்து, முதலாளி சொன்னதை அவர் எதிரிலேயே சொல்ல வேண்டுமாம்.

நேற்று அந்த மில் மேஸ்திரி வீட்டுக்கு வந்தான். "கல்யாண வூட்ல இன்னாத்துக்குக்கா பேஜாரு?" என் வீட்டுக்காரர் முகம் செத்துவிட்டது. என் மகள்தான் எட்டிப் பார்த்து, "பேஜாரு உங்களுக்குத்தாண்ணா" என்றாள். வாய் என்னுடையது. தைரியம் யாருடையதோ!

போகிறேன் அண்ணே. அந்த முதலாளி சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொல்வேன். வியாழக்கிழமை முதல் பந்தியில் செல்விக்கும் அவள் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் நாலு இலை போடுவேன். அவர்கள் வந்து உட்காரும்வரை பந்தியை ஆரம்பிக்க விடமாட்டேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
குப்பு