வில்லிக்கு முன்கதை வேண்டாம்

என் அன்பு அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் முதல் ஆளாக டிக்கெட் போட்டிருப்பாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாம் பார்ப்போமே, குழந்தைகளின் நிழலை வெட்டி அங்கி தைத்துக்கொள்ளும் கார்ட்டூன் சூனியக்காரி? அவளை வைத்து இப்போது நிஜ நடிகர்களோடு படம் எடுத்திருக்கிறார்கள். அவள் எப்படிச் சூனியக்காரி ஆனாள் என்பதுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை உன் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

படம் சுமார்தான். கார்ட்டூனில் அவள் கெட்டவள், அவ்வளவுதான். சிரிப்பாள், வெட்டுவாள். நீ போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே மாதிரி சிரித்து என்னை அழவைப்பாய். இதில் அவள் பாவப்பட்ட தையல்காரப் பெண். அரண்மனையில் ஏமாற்றிவிட்டார்கள், அதனால்தான் இப்படி ஆனாளாம். பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். யாழினி என் காதில் கேட்டாள்: "ஏன் மாமா, நிழல் போன பசங்களுக்கு யாரு படம் எடுப்பாங்க?"

உன் மகள்தான். சந்தேகமே இல்லை.

வண்டியில் திரும்பும்போது அடுத்த கேள்வி. "எங்கம்மா வில்லியா மாமா?"

ஏதோ கல்யாணப் பந்தியில் இவள் பொரியலை 'வேண்டாம்' என்று மொட்டையாகச் சொல்லியிருக்கிறாள். பரிமாறிய ஒருத்தி, "அம்மாளாட்டவே வில்லி" என்றிருக்கிறாள். "ஊட்டுக்குப் போய்ச் சொல்றேன் கண்ணு" என்றேன்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அன்னிக்கு உங்கம்மாளுக்குக் காய்ச்சல், மாமனாருகிட்டத் தெரியாம பேசிட்டாள்னு புள்ளைகிட்டச் சொல்லிப்போடு."

"அவ காய்ச்சல்ல போனது அதுக்குப் பல வருசம் கழிச்சும்மா."

"அதெல்லாம் புள்ளைக்குத் தெரியவா போகுது?"

அம்மாவும் ஒரு படம் எடுக்கப் பார்க்கிறாள்.

அன்று உன் மாமனார் வீட்டில் நானும் இருந்தேனே. பனியன் கம்பெனிகளுக்கு மாதிரி உடுப்பு தைத்துக் கொடுக்க டெய்லர்களை வைத்து நீ ஒரு ரூம் நடத்திக்கொண்டிருந்தாய். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். "அந்த சாம்பிள் தைக்கற ரூமை மூடிப்போட்டு ஊட்டோட இரும்மா" என்றார் உன் மாமனார். "முடியாது" என்றாய். பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டினால்கூட 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் இது. "'ங்க' போட்டுச் சொல்லும்மா" என்றார். "போட்டாலும் முடியாது" என்றாய். மச்சான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலமே கைக்குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டாய். நீ வில்லியானது அவ்வளவில்தான்.

நான் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு சர்வீஸ் பார்க்கிறவன். துணியில் ஓட்டை விழுந்தால் எந்த ஊசி உடைந்தது என்று தேடுவேன். உன் விஷயத்திலும் தேடினேன், எதுவும் உடைந்திருக்கவில்லை. உன்னை யாரும் ஏமாற்றவில்லை, அடிக்கவில்லை. அந்த ரூம் உனக்கு வேண்டியிருந்தது. அதற்கு மேல் ஒரு சோகக்கதை எதற்கு?

ஆனால் உன் டெய்லர்கள் உன் வாய்க்குப் பயந்தார்கள். உன் மாமனார் அதற்குப் பிறகு நாலு பேர் கூடும் இடத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். அவருக்கு வலித்திருக்காதா? இதை மறைத்தால் அந்த டைரக்டருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாவற்றையும் யாழினியிடம் சொன்னேன்.

"அம்மா கத்துவாங்கல்ல?"

"நல்லாவே கத்துவா."

"என்னைய அங்கயே உட்டுட்டு வரலையா?"

"உன்னைத்தான் மொதல்ல தூக்குனா. துணிப்பையை நான் தூக்குனேன்."

"சரி" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள். அம்மாவுக்கு இன்னும் என்மேல் கோபம்.

அவிநாசித் தேருக்குப் பேத்தியை அனுப்பச் சொல்லி உன் மாமனார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அங்கே என்னென்ன பேசுவார்களோ என்று அம்மா தடுக்கிறாள். நான் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் அவளுக்குத் தாத்தா. அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். யார் உன் பேச்சை எடுத்தாலும் அவள் காதைப் பொத்த மாட்டேன், எழுந்தும் போக மாட்டேன். அவர்கள் விட்டதை நான் சொல்கிறேன். நான் விட்டதை அவர்கள் சொல்லட்டும். கேட்டுவிட்டு அவளே முடிவு பண்ணட்டும். கெட்டவள் என்றே முடிவு பண்ணினாலும் சரி, அது அவள் உரிமை. உன்னை நல்லவளாக்க ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உன் தம்பி,
யாழினியின் தாய்மாமன்