அவர் மட்டும் கேட்ட சத்தம்

மார்ச் 2, திங்கள்

என்னிடம் கார் ஓட்டப் பழகும் தையல்கார அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். இரண்டு முறை கோட்டை விட்டவர். இந்த முறை விடமாட்டார், கற்றுக்கொடுப்பது நானாயிற்றே! பயிற்சிக்கு என் கார் இருக்கிறது, அதன் தும்மல்கூட எனக்கு அத்துப்படி.

வீட்டுக்காரர் மாலையில் தம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். "காலையில வண்டிய யாரு ஸ்டார்ட் பண்ணி வைப்பா?" என்று ஒரே கவலை. நான் தலைவாரி வெளியே வருவதற்குள் எஞ்சினைச் சூடாக்கி வைப்பது அவர் வேலை. எனக்குக் கையில்லையா என்றேன்.

மார்ச் 3, செவ்வாய்

சாவியைத் திருப்பினேன். கடகடவென்று ஒரு சத்தம், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கின மாதிரி. சில நொடியில் நின்றுவிட்டது. அவருக்குப் போன் செய்தேன்.

"அதுவா? அது ரொம்ப நாளா வருதே. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

தெரியுமாம்! நான் வரும்போதுதான் வண்டி சூடாகி சமர்த்தாக நிற்குமே — எனக்கு எப்படித் தெரியும்?

மெக்கானிக் தம்பியின் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். அங்கே போனதும் சத்தமே இல்லை. "ஒண்ணுமில்லக்கா" என்றான். விடுவேனா? வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அவனையே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னேன்.

மார்ச் 4, புதன்

தம்பி போன் செய்தான். குரலே சரியில்லை.

"எஞ்சினுக்குள்ள ஓடுற டைமிங் செயின் தேஞ்சு நீண்டு போச்சுக்கா. ஆயில் ஏறுற வரைக்கும் தொளதொளன்னு அடிச்சுக்குது. ஒரு பல்லு தாண்டுச்சுன்னா வால்வு வளைஞ்சு எஞ்சினே காலி."

எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டேன்.

"ஒரு வருஷமும் ஓடும், நாளைக்கே போனாலும் போகும். கிலோமீட்டர் கணக்கெல்லாம் பாக்க முடியாது. இந்தச் சத்தம் வந்துட்டா மாத்திடணும்."

வேலை முடிய ஞாயிறு ஆகுமாம். டெஸ்ட் வெள்ளி. அதுவரை ஓட்டினால் என்ன? அந்த அம்மாவுக்கு இந்த கிளட்ச் தவிர வேறு பழக்கமில்லையே. ஆனால் அவர் கையில் இருக்கும்போது நடுரோட்டில் நின்றுபோனால்? ஜென்மத்துக்கும் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார்.

எஞ்சினைப் பிரிச்சிடு என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

"தெரியாத வண்டியில நான் எப்படிம்மா ஓட்டுவேன்?" தையல்கார அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்குப் போட்டியான எதிர்த்தெரு டிரைவிங் பயிற்சிப் பள்ளிக்காரரிடம் போய் கார் கேட்டேன். அந்த ஆளிடம் நான்! மானம் போனது, போகட்டும். நாள் முழுக்க அந்தக் காரில் அவரை ஓட்டவைத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பாஸ்! வண்டி யாருடையதானால் என்ன, பழக்கிய கை என்னுடையது.

மார்ச் 8, ஞாயிறு

கார் வந்தது. பழைய செயினைப் புதியதின் பக்கத்தில் தொங்கவிட்டுக் காட்டினான் தம்பி. பழையது நன்றாகவே இறங்கி நிற்கிறது. செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை உடைந்து ஆயிலுக்குள் கிடந்ததாம்.

வீட்டுக்காரரும் திரும்பிவிட்டார். இனிமேல் காலையில் நானே ஸ்டார்ட் செய்வேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்ப எனக்கு என்ன வேலை?" என்றார். பாவமாக இருந்தது.

மார்ச் 9, திங்கள்

சாவியை நான் திருப்பினேன். அவர் டாக்டர் மாதிரி பானட்டில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் கேக்கலயே" என்றார், ஏதோ குறைந்துவிட்டதைப் போல.

சிரிப்பு தாங்கவில்லை எனக்கு. நாளைக்கும் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.