டீச்சருக்கு யார் சொன்னது?

தென்காசி
19.5.2025

அன்புள்ள குழல்வாய்மொழி அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே அண்ணாச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் எதையும் போடாதே, பத்துப் பேர் கைக்குப் போய்விடும், கடிதமாகவே எழுது என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

குற்றாலத்தில் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. எட்டு வருஷமாகப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் மகன் பாண்டித்துரை டக் டக்கென்று பதில் சொன்னான். தரையில் ஒரு தாள் கிடக்கவில்லை. கோபப்படாதீர்கள், எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. நிஜமாகவே தினமும் இப்படித்தானா?

நிவேதாவை ஸ்கூலுக்குக் கிளப்பினாலே வாந்தி எடுக்கிறாள். அதனால்தான் இவர் ஒரு வருஷம் வீட்டில் வைத்துப் பார் என்றிருக்கிறார். அந்த ஒரு வருஷத்தை நான் கெடுத்துவிடக் கூடாது அக்கா.

உங்கள் அன்புத் தங்கை,
ஷெர்லின்


குற்றாலம்
23.5.2025

என் அருமை ஷெர்லினுக்கு,

ஏட்டி, என் வீட்டுக்கே சிஐடி வேலை பார்க்கிறாயா? உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். எல்லாம் போகப் போகச் சரியாக வரும். முதல் மூன்று மாசம் பாடப்புத்தகத்தைத் தொடாதே. கடைக்குக் கூட்டிப் போ, அடுப்படியில் கூட மாட வேலை செய்யட்டும். சாரல் விழ ஆரம்பித்தாயிற்று, ஒருநாள் ஐந்தருவிக்கு அழைத்து வா.

வெளியிலிருந்து யாரும் வந்து கேள்வி கேட்பார்களோ என்ற கவலையும் வேண்டாம். அதை நான் பார்த்துக்கொண்டேன். வீட்டிலேயே படிக்க வைக்கப் புதிதாக வருகிற எல்லாருக்கும் செய்வதுதான். உன் வீட்டுக்காரர் ஜெபசிங் தம்பியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


தென்காசி
29.5.2025

அக்காவுக்கு,

நேற்று ஒரு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்களாம். தெருவில் வேறு எந்த வீட்டிலும் ஏறவில்லை. நேரே எங்கள் வாசலுக்கு வந்து, "நிவேதா வீடு இதானே? வீட்ல வச்சே படிக்க வைக்கப் போறியளாமே?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார். பிள்ளை பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

இன்னும் லீவே முடியவில்லை. டி.சி. வாங்கவில்லை. என் மாமியாருக்கே தெரியாது. இவருக்கும் எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும்.

வெட்கப்பட்டு உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. இவர் சம்மதித்த அன்றே, "ஆபீஸ்னு சொல்லிக்கிட்டு ஒரு ஆள் நம்ம வாசல்ல ஏறினாலும் ஸ்கூல்தான்" என்று சொல்லிவிட்டார். டீச்சர் வந்தபோது இவர் வீட்டில் இருந்தார்.

பார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தீர்களே, இதைத்தானா? ஆமாவா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

ஷெர்லின்


குற்றாலம்
31.5.2025

ஷெர்லின் கண்ணுக்கு,

ஆமா. நான்தான் சொன்னேன்.

நாங்கள் ஆரம்பித்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் மனுப் போட்டு, கல்வி ஆபீஸிலிருந்து ஜீப்பில் ஆள் வந்து, தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதிலிருந்து புதிதாக யார் வந்தாலும் நானே முந்திக்கொண்டு அந்த டீச்சரிடம் நல்லவிதமாகச் சொல்லி வைத்துவிடுவேன். தங்கமான மனுஷி. இதுவரை ஒருத்தருக்கும் தொந்தரவு வந்ததில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே.

இன்னொன்றும் கேட்டுக்கொள். நீ வந்த அன்று பிள்ளைகளை அதட்டித்தான் வீட்டை ஒதுங்க வைத்தேன். அந்தக் கேள்வி பதிலும் முந்தின நாள் சொல்லிக்கொடுத்தது. பாண்டித்துரை இரண்டு மாசமாகப் புத்தகத்தைத் திறக்கவில்லை. சொன்னால் பயந்து ஓடிவிடுவாயோ என்று மறைத்தேன். நான் வந்து தம்பியிடம் பேசட்டுமா? காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

உன் அக்கா


தென்காசி
20.6.2025

அக்காவுக்கு,

வர வேண்டாம். நிவேதா ஸ்கூலுக்குப் போகிறாள். முதல் நாள் ஆட்டோவிலேயே வாந்தி எடுத்தாள். இப்போது காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போகிறாள், அதனால் வாந்தி இல்லை. இவர் சரியாகிவிட்டது என்கிறார்.

எனக்கு உங்கள் மேல் கோபம் ஆறவில்லை. பாண்டித்துரை கதையை அன்றைக்கே சொல்லியிருந்தால், இவர் போட்ட நிபந்தனையை நானும் சொல்லியிருப்பேன். குறையே இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக் குறையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

போன வாரம் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். மகனை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கப் போகிறாளாம். என் நம்பரை நீங்கள்தான் கொடுத்தீர்களாம், அதையும் என்னிடம் கேட்கவில்லை. அக்காவை நம்பலாமா என்றாள். நல்லவங்கதான் என்று மட்டும் சொன்னேன். மகன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். "பேரு வேண்டாம்மா. உனக்கு யாரை நெனச்சுப் பயமா இருக்கு, அதை மட்டும் சொல்லு" என்றேன். அப்புறம் அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

இப்படிக்கு,
ஷெர்லின்