ஆசை விட்டுப்போன மூன்று மாதம்

சங்கரன்கோவில்
5.10.2024

அன்புள்ள மாரிக்கனிக்கு,

உன் மதினி சங்கரேஸ்வரி எழுதுவது. உன் நலம் அறிய ஆசை என்று தொடங்க வேண்டும். ஆனால் எனக்கு எதிலுமே ஆசை இல்லை.

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு போன் வெளிச்சம் பார்த்தாலே மண்டை இடிக்கிறது, அதனால்தான் காகிதம். காயம் ஆறிவிட்டது. ஆனாலும் தறிப்பக்கம் போகத் தோன்றவில்லை. உன் அண்ணன் பிரியாணி வாங்கி வந்தாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. "எம்மேல என்னட்டி கோவம்? சொல்லித் தொலையேன்" என்கிறார். கோபம்கூட வரவில்லை. யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது போல இருக்கிறது. பாவம், அவர் என்ன செய்தார்?

தீபாவளி முடிந்ததும் ராயகிரிக்கு அம்மா வீட்டோடு போய்விடப் போகிறேன். திரும்பி வருவதாக இல்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மதினி


புனே
14.10.2024

பிரியமுள்ள மதினிக்கு,

கடிதத்தை ஆய்வகத்தில் நின்றபடியே படித்தேன். அழுகை வந்தது, உங்கள் மேல் கோபமும் வந்தது. அண்ணன் மேல் பிரியம் போய்விட்டதென்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்களா?

நான் எலி மூளையோடு மல்லுக்கட்டுவதைக் கேலி செய்வீர்களே, அதைக் கேளுங்கள். ஒன்றின் மேல் நாட்டம் வந்து நாம் எழுந்து நடப்பதில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தலையில் அடிபட்டால் அது குறையலாம். பெண் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மூளையில் தனக்கென்று இருக்கும் ஏற்பிகளில், பூட்டில் சாவி போலப் போய் ஒட்டிக்கொண்டு அந்த டோபமைனைத் தூண்டிவிடும். ஈஸ்ட்ரோஜன் சுரக்காதபடி சினைப்பை எடுத்த எங்கள் எலிகள், அடிபட்ட பின் சீனித்தண்ணீர் வைத்தாலும் நகரவில்லை. ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் சில வந்தன, சில வரவில்லை.

எலி வேறு, மதினி வேறு. நான் வைத்தியரும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், வெட்கப்படாதீர்கள்: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?

மாரிக்கனி


சங்கரன்கோவில்
22.10.2024

அன்புள்ள மாரிக்கனிக்கு,

நீ கேட்ட பிறகு மறைக்க மாட்டேன். முப்பத்தாறு வயதிலேயே எனக்கு நின்றுவிட்டது. திருநெல்வேலி லேடி டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டால் மாதாமாதம் விலக்கு வரும். உன் அண்ணனுக்குத் தெரியாது. எந்த வாயால் சொல்வேன்?

உனக்கு வேலை கிடைத்தால் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கோவிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுவதாக நேர்ந்திருந்தேன். நடுவில் விலக்காகிவிடக் கூடாதென்று ஒரு மாதம் முன்பே மாத்திரையை நிறுத்தினேன். சுற்றி முடித்த மறுவாரம் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு உன் அண்ணன், "வேற மாத்திரை ஒண்ணும் கிடையாதுங்க" என்றிருக்கிறார். நானும் அதன்பின் அதைத் தொடவில்லை.

மதினி


புனே
29.10.2024

மதினி,

எனக்காகவா? விலக்கு நின்ற உடம்புக்கு அந்த மாத்திரைதானே ஈஸ்ட்ரோஜன் கொடுத்திருக்கும்! அம்மன் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான்தான் கோபித்துக்கொள்வேன். இன்றைக்கே அண்ணனிடம் சொல்லுங்கள். இரண்டு பேருமாக அந்த லேடி டாக்டரையும் தலைக்குப் பார்த்த டாக்டரையும் பாருங்கள். நீங்களாக மாத்திரையைத் தொடங்க வேண்டாம். அதுவரை ராயகிரி பஸ் ஏறினால் நான் உங்களோடு பேச மாட்டேன்.

மாரிக்கனி


சங்கரன்கோவில்
19.1.2025

என் செல்ல மாரிக்கனிக்கு,

சொன்னேன். "இதையாட்டி மறைச்ச? நீ என்னைய வெறுத்துட்டன்னுல்லா நெனச்சேன்" என்றார். இரண்டு டாக்டரும் கலந்து பேசி மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். மாத்திரையால்தான் என்று சொல்ல முடியாதாம், தலைக்காயமும் தேறி வருகிறதாம். எதனாலோ, தேறி வருகிறேன்.

நேற்று தறியில் நூல் அறுந்தது தெரியாமல் உன் அண்ணன் போனில் கதையளந்துகொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கண்ணு எங்கன இருக்கு? ஒரு முழம் சேலை வீணாப் போச்சே!" என்று கத்தினேன். அவர் தறியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னொரு தடவ ஏசுட்டி" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

ஏச முடியவில்லை மாரிக்கனி, அவர் முகத்தைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

உன் மதினி
சங்கரேஸ்வரி