நீலமாகவே நின்ற குழாய்

செவ்வாய்க்கிழமை. ஜப்பான்காரன் கணக்கில் 2603; பழைய கணக்கில் 1943.

ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி நான். எனக்கு நீரிழிவு. சிறுநீர் சோதனையில் குழாய் எப்போதும் செங்கல் நிறத்துக்குத்தான் மாறும். இன்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் நீல மருந்து விட்டுக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே நின்றது; சர்க்கரை இல்லை.

"என்ன செஞ்சீங்க கிராணி? ஊசி மருந்துகூட இல்லையே."

ஜப்பான் சிப்பாய் என் சைக்கிளைப் பிடுங்கிய நாளிலிருந்து காம்பார் டவுனுக்கு நடந்துதான் போய்வருகிறேன். சாயங்காலம் மரவள்ளிக்கு மண் கொத்துகிறேன். ஒரு வருஷமாக அவனைச் சபித்தேன். இன்று வாய் வரவில்லை.

சந்தோஷத்தில், சர்க்கரை இல்லை என்று சீட்டு எழுதித் தரக் கேட்டேன். டிரெஸர் கதவைச் சாத்தினார். "சயாம் ரயில் வேலைக்குத் திடமான ஆளாப் பார்த்துப் பிடிக்கிறாங்க. போனவன் திரும்பி வரல. நான் செங்கல் நிறம்னுதான் எழுதுவேன். வாயத் திறக்காதீங்க."

வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு ரோட்டுல கொஞ்சம் நொண்டிக்கிட்டே போங்க," என்றாள்.